கழித்த கல்

கல்லில் எண் எழுதுவதுதான் என் வேலை.
சிவப்பு எனாமல், ஒன்றரை அங்குலத் தூரிகை,
நீளம் அகலம் உயரம்,
மூலையில் கப்பல் கம்பெனியின் மூன்றெழுத்து.
பதினோரு வருஷம்.
மேலூருக்குக் கிழக்கே கூகைப்பாறை என்ற மலையை
அப்படித்தான் துண்டு துண்டாக
எழுதித் தீர்த்தேன்.

யார் வாங்குகிறார்கள் என்று சூப்பர்வைசரைக் கேட்டேன்.
அடுப்படி மேடைக்கு என்றார்.
இன்னொரு நாள் கேட்டபோது
கல்லறைக்கு என்றார்.
குளிர் தேசத்தில் யாரோ கேரட் நறுக்க,
யாரோ பேர் பொறித்துப் படுத்திருக்க,
இங்கே ஊருக்கு மேற்கே இருந்த நிழல்
காணாமல் போனது.
நாலு மணிக்கே ஆடு வந்து அடையும் நிழல்.
இப்போது ஆறரை வரை வெயில் முகத்தில் அடிக்கிறது.
இதை எந்தப் பில்லில் எழுத?

தடையில்லா வர்த்தகம் என்று டிவியில் ஒருவர் சொன்னார்.
உண்மைதான்,
கல்லுக்கு ஒரு தடையும் இல்லை.
தூத்துக்குடி வரைக்கும் செக்போஸ்ட் சலாம் போடும்.
கல் போன தேசத்துக்கே வேலைக்குப் போக
விசாவுக்கு எழுதிப்போட்டான் கம்ப்ரசர் சிக்கந்தர்.
மூன்று தடவை திருப்பிவிட்டார்கள்.
அவன் தமர் போட்டு எடுத்த கல்
அங்கே எவர் வீட்டிலோ குடியிருக்கிறது.

போன கப்பல் வெறுமனே திரும்புமா?
பட்டாணி வந்தது, மலிவாக, பருப்பு மாதிரி உடைத்து.
ராஜகிளி தன் துவரை மூட்டையை
சந்தையில் இறக்கி, மத்தியானம் மறுபடி
அதே பஸ்ஸில் ஏற்றினாள்.
லக்கேஜுக்கு இருபது ரூபாய், போக ஒன்று, வர ஒன்று.

தொள்ளாயிரத்துப் பதினாலாம் கல்லில்
வாங்க வந்தவர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்.
நனைந்ததும் தெரிந்தது
மயிரிழை வெள்ளை ரேகை.
கழி என்றார்.
கழித்ததையெல்லாம் கண்மாய் வரத்துக்காலில் கொட்டினோம்.
கொட்டினோம் என்றுதான் சொல்லவேண்டும்.
எண் எழுதிய கை இது.

ஒரு மாசியில்
அங்கே எங்கோ வீடு கட்டுவது நின்றது,
இங்கே மிஷின் நின்றது.
அறுபது பேருக்கும் ஒரே வாட்ஸப்.

கிராம சபையில் ராஜகிளி என்னைக் காட்டிக் கேட்டாள்:
"மலையில எத்தன கன மீட்டர் போச்சுன்னு இவருக்குத் தெரியும்.
கம்மாயில எத்தன மூடுச்சுன்னு
யாருக்குங்க தெரியும்?"
அதே டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
அளந்து முடிக்க ஒன்பது நாள் ஆனது.

கல் கம்பெனிச் சொத்து என்றார் அதிகாரி.
கம்பெனிக்குப் போட்ட போனை
யாரும் எடுக்கவில்லை.
சிக்கந்தர் கடப்பாரையோடு வந்தான்,
நூறுநாள் வேலைப் பெண்கள் வந்தார்கள்,
உடைந்து கிடந்த கலிங்கை
கழித்த கல்லாலேயே கட்டினோம்.

சுமுகமாக நடந்ததென்று நினைக்கவேண்டாம்.
நிலமில்லாத பதினேழு வீட்டுக்கும்
மீன் பாசியில் பங்கு என்றதற்கு
மூன்று கூட்டம் சண்டை.
வல்லடியான் அம்பலம் துண்டை உதறிப் போனவர்
இன்னும் வரவில்லை.
பங்கு மட்டும் நின்றுவிட்டது.
துவரையைப் பள்ளிச் சத்துணவுக்கு எடுக்கச் சொல்லி
எழுதியிருக்கிறோம். பதில் இல்லை.
தெற்கு மடை ஒழுகுகிறது.
பாறை இருந்த இடத்தில்
பாறை அளவுக்கு ஒரு பள்ளம்.

ஐப்பசியில் தண்ணீர் வந்தது.
தொள்ளாயிரத்துப் பதினாலைச் செங்குத்தாக நிறுத்தியிருந்தோம்,
என் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக.
ஈரம் ஏற ஏற அந்த வெள்ளை ரேகை
பளிச்சென்று மேலே வந்தது.
கரையில் பிள்ளைகள் கத்தினார்கள்:
நாலு முங்கிருச்சு.
மறுவாரம்,
ஒண்ணு முங்கிருச்சு.

ஒன்பது இன்னும் வெயிலில் இருக்கிறது.